பெயர் சூட்டும் தீர்மானம்

கி.மு. 27-ல் ரோமானியச் செனட் சபை ஆக்டேவியனுக்கு ‘அகஸ்டஸ்’ என்ற பட்டத்தை வழங்கியது. பின்னர் ஒரு மாதத்துக்கும் அப்பெயரையே சூட்டியது. பிற்காலப் பேரரசர் டொமிஷியனுக்கும் அதே சபை மரியாதைகளை அள்ளிக் கொடுத்தது. கி.பி. 96-ல் அவர் கொல்லப்பட்டதும், அவர் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து செதுக்கி நீக்கத் தீர்மானம் போட்டது. அச்சத்தால் தரப்படும் மரியாதை அதிகாரம் போனதும் போய்விடும்.

மதுரையின் கதை வேறு. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நெரிசலில் தவித்த நகருக்கு மூச்சுவிட இடம் தந்தார். அவருக்கு மக்கள் நன்றியோடு எழுப்பிய விளக்குத்தூண் இன்றும் நிற்கிறது. அந்த வேலையை முன்னின்று நடத்திய பெருமாள் மேஸ்திரிக்கும், நிலத்தை அளந்த மாரட்டுக்கும் ஆளுக்கொரு வீதி கிடைத்தது. ஒரு மேஸ்திரியின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் ஊர் இது.

இன்று அதே மதுரையின் பழங்காநத்தம் போன்ற பகுதிகளில் புதிய தெருக்களும் பூங்காக்களும் பெயருக்காகக் காத்திருக்கின்றன. மாநகராட்சி உறுப்பினர்களே, பதவியில் இருப்பவரைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். அந்தப் பகுதிக்கு உழைத்த துப்புரவுத் தொழிலாளியை, ஆசிரியரை, செவிலியரைத் தேடிக் கண்டுபிடித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.