லிங்க் அனுப்பினா மட்டும் போதாது, பத்திரப்படுத்தணும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன மாசம் வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் வயசான அம்மா ஒருத்தங்க எங்ககிட்ட வந்தாங்க. "தம்பி, அன்னிக்கு போன்ல எங்க பழைய தோட்டத்துக் கோயில் படம் காட்டினீங்களே, அதுல அப்பா உறுமி மேளத்தோட நிப்பாரே, இன்னொரு வாட்டி காட்டுங்கப்பா"ன்னு கேட்டாங்க.

தேடினோம். வாட்ஸ்அப் குழுவுல மேலே போகப் போக காலை வணக்கம் படமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான். லிங்க் அனுப்பின அய்யா போன் மாத்திட்டார். ரெண்டு நாள் கழிச்சு வேறொருத்தர் போன்ல அந்த லிங்க் கிடைச்சது. தட்டிப் பார்த்தா பக்கமே இல்லை, எடுத்துட்டாங்க. அந்த அம்மாகிட்ட அவங்க அப்பாவோட வேற படம் கிடையாது. "பரவால்ல தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்குத்தான் மனசு ஆறலை.

தப்பு யாரோடதுன்னு கேட்டா, எங்களோடதுதான். கும்பாபிஷேக மலருக்காக மூணு வருஷமா தகவல் சேர்த்தோம். தோட்டத்து வரலாறு, பழைய படம், தேவாரப் பாடல், எல்லாமே லிங்க்தான். அதுல பாதி முன்னாள் செயலாளர் போன்ல, பாதி எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல. நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகம், சாவி, நகை எல்லாம் எழுதி ஒப்படைக்கிறோம். இதை மட்டும் யாரும் ஒப்படைக்கலை. இதையும் ஆலயச் சொத்தா நாம நினைக்கலை.

"எதுக்கு இவ்வளவு கவலை, கூகுள்ல தட்டினா வந்துடும்"னு சிலர் சொல்றாங்க. வராது. ஜியோசிட்டீஸ்னு ஒரு இலவச இடம் இருந்துச்சு. உலகம் முழுக்க நிறைய பேர் அதுல சொந்தமா பக்கம் வச்சிருந்தாங்க. 2009-இல் யாஹூ அதை மூடிடுச்சு. பலருடைய பக்கங்கள் அதோட போச்சு. இணையத்துல இருக்கிறது என்னைக்கும் இருக்கும்னு நம்ப முடியாது. மதுரைத் திட்டம் 1998-இல் ஆரம்பிச்சு இன்னைக்கும் தமிழ் நூல்களை இலவசமா தருதுன்னா, தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு பண்ணி, சரிபார்த்து, ஒழுங்கா அடுக்கி வச்சதாலதான்.

கல்லுக்கே உத்தரவாதம் இல்லைங்க. நம்ம பக்கத்துல பூஜாங் பள்ளத்தாக்குல, சுங்கை பத்து தோட்டத்துல இருந்த 11-ஆம் எண் சண்டியை 2013-இல் இடிச்சுட்டாங்கன்னு செய்தி வந்தப்ப நாம எல்லாரும் கொதிச்சோம். இனி அதைப் பத்திப் பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்னா பழைய குறிப்பும் படமும்தான். அந்தக் குறிப்பு எங்கே இருக்குன்னு நம்மில் எத்தனை பேர் குறிச்சு வச்சிருக்கோம்?

நம்ம சமயத்துல இது புதுசு இல்லை. தேவார ஏடுகள் சிதம்பரத்துல ஓர் அறையில பூட்டிக் கிடந்து கறையான் அரிச்சதையும், இராஜராஜ சோழர் காலத்துல நம்பியாண்டார் நம்பி அதை மீட்டதையும் திருமுறை வகுப்புல பிள்ளைங்களுக்குச் சொல்றோம். மீட்டதோட அவர் விடலை. சம்பந்தர் பாடல் முதல் மூணு, அப்பர் அடுத்த மூணு, சுந்தரர் ஏழாவதுன்னு வகுத்தார். வகுத்து வச்சதாலதான் இன்னைக்கு நம்ம பிள்ளை திருமுறை ஓதும் விழாவுக்குப் போகும்போது "எத்தனையாவது திருமுறை"ன்னு கேட்டா பதில் சொல்லுது. ஏட்டுக்குக் கறையான் மாதிரி லிங்க்குக்கு நம்ம அலட்சியம்.

ஃபேக்டரியில நாங்க பிள்ளைங்களுக்கு தினமும் சொல்றது ஃபைவ் எஸ். வேண்டாததை எடு, வேண்டியதை இடத்துல வை, சுத்தம் பண்ணு, எல்லாருக்கும் ஒரே முறை வை, அதைப் பழக்கமாக்கு. ஸ்பானர் இடம் மாறினா லைன் நிக்கும். ஆலய வேலைக்கும் இது பொருந்தும்.

அதனால ஒரு முறை வச்சிருக்கோம்:

1. ஆலயத்துக்குன்னு தனி மின்னஞ்சல். புக்மார்க் எல்லாம் அந்தக் கணக்குலதான். பாஸ்வர்ட் ரெண்டு பேருக்குத் தெரியணும்.

2. நாலே பிரிவு: திருமுறை, ஆலய-தோட்ட வரலாறு, நிர்வாகம், பிள்ளைங்க கல்வி. இருபது பிரிவு வச்சா யாரும் போட மாட்டாங்க.

3. லிங்க்கை அப்படியே போடாம நம்ம தமிழ்ல பேர் மாத்தணும். "படம் 3"ன்னு இருந்தா யாருக்குப் புரியும்? என்ன, எதுக்கு, யார் கொடுத்தது, எந்தத் தேதின்னு ஒரு வரி.

4. முக்கியமான பக்கத்தை வேபேக் மெஷின்ல சேமிக்கணும், இலவசம்தான். எல்லாப் பக்கமும் அதுல ஏறாது, அதனால படத்தை இறக்கியும் வைக்கணும்.

5. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எது திறக்குது, எது செத்துப்போச்சுன்னு பார்க்கணும். புக்மார்க்கை ஃபைலா எடுத்து பென்டிரைவ்ல போட்டு, கணக்குப் புத்தகத்தோட பூட்டி வைக்கணும்.

நாங்க எஸ்பிஎம் வரைதான் படிச்சோம், கம்ப்யூட்டர் நிபுணர் இல்லை. இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், பொறுப்பு போதும். அன்னதானத்துக்கு காய் நறுக்குற மாதிரி இதுவும் தொண்டுதான்.

உங்க போன்ல பழைய தோட்டத்துக் கோயில் படமோ லிங்க்கோ இருந்தா, குழுவுல ஃபார்வர்ட் பண்ணாம ஞாயிற்றுக்கிழமை பூசைக்கப்புறம் நேர்ல கொண்டு வாங்க. உட்கார்ந்து பேர் எழுதி வைப்போம். கல்லூரி படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர் உதவிக்கு வந்தா நல்லது.

முக்கியமா, உறுமி மேளத்தோட ஒருத்தர் நிக்கிற அந்தப் படம் யார்கிட்டயாவது இருந்தா கொடுங்க. அந்த அம்மா இன்னும் வெள்ளிக்கிழமைதோறும் வர்றாங்க.

திருச்சிற்றம்பலம்.