பிள்ளையார் கப்பலில் போகட்டும்



ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அவர் தங்கை, புது வீட்டுக்கு மூன்றரை அடியில் வாகை மரப் பிள்ளையார் வேண்டும் என்று கேட்டாராம். கள்ளக்குறிச்சிப் பட்டறையில் சொல்லிவைத்தாயிற்று. “விமானத்தில் அனுப்பட்டுமா, கப்பலில் அனுப்பட்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கூடவே கல்வராயன் மலைத் தேன் நாலு பாட்டில் போட்டுவிடலாமா?” என்று கேட்கிறார். கடிதத்தின் ஓரத்தில், “கிரகப்பிரவேசம் தை மாதம்தான்” என்று ஒரு வரி. பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் விமானத்தில் நாலு மணி நேரம். கப்பல் கடலில் இருப்பது ஏறக்குறைய ஒரு வாரம். இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டிலும் ஏமாறுவோம். சரக்கு நகர்கிற நேரத்தைவிடக் கிடக்கிற நேரம்தான் அதிகம். ஒற்றைப் பெட்டிக்காக யாரும் கன்டெய்னர் பிடிக்க முடியாது. பலருடைய பெட்டிகள் சேர்ந்து நிறைய வேண்டும், சுங்கம் பார்க்க வேண்டும், அங்கே இறங்கிய பிறகு பிரித்துக் கொடுக்க வேண்டும். கப்பல் என்றால் வீடு போய்ச்சேர நாலு வாரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. விமானத்துக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். 2024 நடுவில், செங்கடல் தாக்குதல்களுக்குப் பயந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்தபோது சிங்கப்பூர்த் துறைமுகமே நெரிசலில் திணறியது. அதனால் தைக்கு வேண்டியதை ஐப்பசியிலேயே ஏற்றிவிடுவது உத்தமம்.

இனிப் பணம். விமானத்தில் எடைக்குத்தான் கூலி என்று நம்மவர்கள் தராசைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது டேப்பை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் ஒரு எடை வரும். அதுவும் உண்மையான எடையும், எது அதிகமோ அதற்குத்தான் கூலி. கூரியர் கம்பெனிகள் பல 5000-ஆல் வகுக்கின்றன. அது இன்னும் கூடும். நம் பிள்ளையார் பெட்டியோடு சேர்ந்து 55 கிலோ என்று வைத்துக்கொள்வோம். திருவாசி விரித்தபடியே இருக்கிறது என்றால் பெட்டி 120-க்கு 80-க்கு 60 ஆகிவிடும். கணக்கு 96 கிலோவுக்குப் போகும். 41 கிலோ வெறும் காற்றுக்குக் கூலி. அதே திருவாசியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஆசாரி செய்து கொடுத்து, அதைப் படுக்கவைத்துக் கட்டினால் 120-க்கு 60-க்கு 45-இல் அடங்கிவிடும். கணக்கு 54. இப்போது நிஜ எடையான 55-க்குக் கொடுத்தால் போதும். உளி எடுப்பதற்கு முன்பே பெட்டியை யோசிக்க வேண்டும் என்பதை எந்தப் பட்டறையிலும் யாராவது சொல்லித் தருகிறார்களா?

கப்பலில் கணக்கு வேறு. ஒரு கன மீட்டரா, ஒரு டன்னா, எது அதிகமோ அதற்குக் கூலி. பெரும்பாலும் குறைந்தபட்சமே ஒரு கன மீட்டர். நம் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் முழுதுக்கும் பணம். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதே அளவில் மூன்று பெட்டி வைத்தால் 0.97 கன மீட்டர். மூன்று பிள்ளையாருக்கும் கூலி ஒன்றே. ஊரில் இன்னும் இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரில் இல்லாமலா போய்விடுவார்கள்? அங்கே பெறுகிறவர் ஒருவராக இருந்துவிட்டால் காகிதமும் ஒன்றாக முடியும்.

ஏஜென்ட் சொல்லும் முதல் தொகையைக் கேட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். கப்பல் கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு, இறங்குகிற இடத்தில் கையாளும் கூலி, காகிதக் கூலி என்று தங்கையிடம் வசூலிப்பது இந்தத் தொழிலில் பழக்கமானதுதான். சிங்கப்பூரில் இறக்குமதிக்கு ஜிஎஸ்டி 9 சதவீதம். எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள்.

மரம் என்பதால் இன்னும் சில. பச்சை மரப் பலகையில் பெட்டி அடித்தால் பூச்சி பயம். பல நாடுகள் ஏற்றுள்ள சர்வதேச விதிப்படி பலகையின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்த வேண்டும். பிளைவுட் பெட்டிக்கு அந்த விதி கிடையாது, அதிலேயே அடியுங்கள். கன்டெய்னருக்குள் பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் கூரையில் நீர் வியர்த்துச் சொட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் தாராளமாகப் போடுங்கள். சிலைக்குக் கறுப்பேற்றிப் பழசு மாதிரி காட்டுவது இப்போது ஒரு மோகம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு தாண்டிய சிலை தொல்பொருள். அதை வெளியே அனுப்ப முடியாது. நேற்றுச் செய்த பிள்ளையார் பாட்டன் காலத்தவர் போலத் தெரிந்தால் சுங்கத்தில் கேள்வி வராமல் இருக்காது. பட்டறை பில்லையும், இது தொல்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றையும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

தேன் வேண்டவே வேண்டாம். அர்த்தநாரீசுவரருக்குத் தேன் அபிஷேகம் செய்கிற ஊர்க்காரருக்கு இது கஷ்டமாக இருக்கும். ஆனால் கன்டெய்னர் சூட்டில் ஒரு மூடி தளர்ந்தாலும் துதிக்கையெல்லாம் எறும்பு. உணவுப் பொருளுக்கு அங்கே விதியும் தனி. ஊருக்கு வந்துபோகிற யாரிடமாவது, விதியைக் கேட்டுக்கொண்டு, ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

ஒரு காலத்தில் இந்தக் குழப்பமே இல்லை. ஆளும் சாமானும் ஒரே கப்பலில் போயின. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ரஜூலா கப்பல் பல பத்தாண்டுகளாக, தலைமுறை தலைமுறையாக ஓடியது. அதன் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் முடிந்தது. டிரங்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைவிட அது எத்தனை கயிறு தாங்கும் என்பதுதான் அன்றைய கவலை.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். குறியீட்டோடு இந்த டேப்புக் கணக்கையும் பட்டறைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் சந்தோஷம் இன்னும் கூடியிருக்கும். இரண்டு கிலோவுக்குள் அடங்குகிற கைப்பிடிப் பிள்ளையார்களுக்கு ஏஜென்ட்டே தேவையில்லை. தபால் துறையின் சர்வதேச டிராக்டு பாக்கெட் சேவை சிங்கப்பூருக்கும் உண்டு. சிறு ஏற்றுமதியாளர்களுக்கென்று தபால் நிலையங்களிலேயே ஏற்றுமதி மையங்களும் திறந்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்களில் யாராவது அப்படி அனுப்பிப் பார்த்திருந்தால் எழுதுங்கள், என்ன செலவானது என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்