வயதை மட்டும் எண்ணினால் போதுமா?

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் டொயோட்டா 2000 ஜி.டி., டட்சன் 240 இசட், நிசான் ஸ்கைலைன் என்று பெரிய பெரிய பெயராகச் சொல்வார்கள். டொயோட்டா 2000 ஜி.டி. உலகத்துக்கே சுமார் 350 தான் செய்தார்கள். அவற்றில் ஒன்று ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வந்திருக்க வாய்ப்பே இல்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு ஜப்பானிய வேகம் பெரும்பாலும் இரண்டு சக்கரத்தில்தான் வந்தது.

1983இல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவின் ஆர்.டி. 350ஐ ராஜ்தூத் என்ற பெயரில் கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், ஆறு கியர், 30 குதிரைசக்தி. புல்லட்டையே பெரிய வண்டி என்று நினைத்திருந்த ஊரில் அதைப் பார்த்துப் பயந்தவர்கள்தான் அதிகம். 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி வந்தது. 1985 கடைசியில் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. 98 சிசி, 11 குதிரைசக்தி, எடை ஏறக்குறைய 100 கிலோ. குதிரைசக்தியை எடையோடு வைத்துக் கணக்குப் பாருங்கள், அது ஏன் அப்படிப் பாய்ந்தது என்று புரியும். கார் என்று பார்த்தால் 1998இல் மிட்சுபிஷி லான்சர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை நம் திருவள்ளூரில்தான் செய்தது. பிறகு வந்த லான்சர் சீடியா தேசிய ராலிப் பந்தயங்களில் எத்தனையோ முறை ஜெயித்த வண்டி.

என்னிடம் இருப்பது 1990ஆம் வருடத்து ஆர்.எக்ஸ். 100. பட்டாசு ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி என்று என்னைச் சுமந்த வண்டி. இன்றும் ஓடுகிறது. "விக்கிறீங்களா சார்?" என்று கேட்டு மாதம் ஒருவராவது வருகிறார்கள். லட்சத்துக்கு மேலும் விலை சொல்கிறார்கள். விற்பதா வேண்டாமா என்பது என் வீட்டு விஷயம். நான் இங்கே சொல்ல வருவது வேறு: இப்படிப்பட்ட வண்டிகளை நம் சட்டம் பார்க்கும் பார்வை சரியில்லை என்பது என் கருத்து.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது, காருக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு அதையும் இரட்டிப்பாக்கினார்கள்: பைக்குக்கு 2,000, காருக்கு 10,000. பசுமை வரி தனி.

இன்னொரு பக்கம், 2021இல் மத்திய அரசு 'விண்டேஜ்' வண்டிகளுக்கு என்று ஒரு விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேல் ஆகியிருந்து, அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி எண் தருவார்கள். பதிவுக்கு 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் ராலிக்கும் பழுதுபார்க்கவும் ஓட்டலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் 15க்கும் 50க்கும் நடுவே இருப்பவை எல்லாம் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் பழைய வண்டிகள். காயலான் கடை வாசலில் நிற்கிற வண்டியும் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிற வண்டியும் ஒரே வரிசை. என் வண்டிக்கு 50 வயது ஆவது 2040இல். அப்போது எனக்கு 79. வண்டிக்கு மரியாதை கிடைக்கிற நாளில் கிக்கரை உதைக்க என் காலில் தெம்பு இருக்க வேண்டுமே! லான்சர் வைத்திருப்பவர்கள் 2048 வரை காத்திருக்க வேண்டும்.

"டூ ஸ்ட்ரோக் புகை கக்குமே, அதை ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்று என் மருமகனே கேட்கிறார். நியாயமான கேள்வி. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வெளியே போய்விடும், கூடவே ஆயிலும் எரியும். புகை விதிகள் இறுகித்தான் 1996இல் ஆர்.எக்ஸ். 100 நின்றது. அந்த வண்டியை இன்று புதிதாகச் செய்து விற்கலாம் என்று யாராவது சொன்னால் நானே எதிர்ப்பேன்.

ஆனால் கணக்குப்பிள்ளையாக ஒன்று கேட்கிறேன். புகை என்பது கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதோடு முடிகிற கணக்கா? வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதால் பெருக்க வேண்டாமா? என் வண்டி வருடத்துக்கு 600 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். தினமும் வேலைக்குப் போய்வருகிற புது பைக் அதை இரண்டு வாரத்தில் ஓடிவிடும்.

இதை எங்கள் ஊர்க்காரன் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டுமே என்று தீர்ப்புச் சொன்னது. வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் அது என்ன பாடு படுத்தியது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு மருந்தைப் பார்த்தது, புகையைப் பார்த்தது. பேரியத்துக்குப் பதில் என்ன, தூசு எத்தனை சதவீதம் குறைய வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். உன் ஆலைக்கு 15 வயது ஆகிவிட்டது, மூடு என்று யாரும் சொல்லவில்லை. அதே மாதத்தில் அதே நீதிமன்றம் டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளும் ஓடக்கூடாது என்பதை உறுதிசெய்தது. பிற்பாடு அது தளர்ந்த கதை வேறு. பட்டாசுக்குப் புகையை அளந்தவர்கள் வண்டிக்கு வயதை எண்ணினார்கள். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

வண்டியைப் பொறுத்தவரை வயதை விடக் கெட்டது சும்மா நிற்பது. இது வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஆறு மாதம் ஓட்டாமல் விட்டால் கிராங்க் பக்கத்து ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். அதன் வழியே காற்று உள்ளே போகும். பெட்ரோல் கலவை மெலிந்து, சூடு ஏறி, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிறகு லேத் பட்டறையில் கொடுத்து போரிங் செய்து, 0.25 மில்லி பெரிய பிஸ்டன் போட வேண்டும். அடுத்த தடவை 0.50. அந்த பிளாக் இப்படி நாலு தடவை தாங்கும், அவ்வளவுதான்.

இப்போது புதிதாக எத்தனால் வேறு சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் எல்லா பங்க்கிலும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்தி வைத்த வண்டியில் டேங்க் உள்ளே துரு, கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு. அந்தக் காலத்து ரப்பர் டியூபும் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, உப்பிப்போகும். எங்கள் கரிசல் காட்டு வெயிலில் கடற்கரை ஊர்களைப் போல இரும்பு துருப்பிடிக்காது, ஆனால் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும். செய்ய வேண்டியது எளிது: வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகிற அளவுக்கு ஓட்டுங்கள். மாதக்கணக்கில் வெளியூர் போனால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டுப் போங்கள். பெட்ரோல் டியூபை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். காற்று வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் கழுவி ஆயில் தடவிப் போடுங்கள், கரிசல் தூசி பொல்லாதது.

இதை எல்லாம் விட முக்கியம் மெக்கானிக். எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி வண்டி ஐடிலிங்கில் நிற்பதைக் காதால் கேட்டே காற்று ஸ்குருவைக் கால் சுற்றுத் திருப்புவார். பிளக்கின் நுனி நிறத்தைப் பார்த்து ஆயில் பம்ப்பை வைத்துக்கொடுப்பார். அவருக்குப் பிறகு அந்தப் பட்டறையில் டூ ஸ்ட்ரோக் தெரிந்த பையன் இல்லை. வண்டி வராத பட்டறையில் யார் வந்து தொழில் கற்பார்கள்? பழைய வண்டிகளைக் கட்டணத்தால் துரத்தினால் முதலில் போவது இந்தக் கைவேலைதான். ஸ்பேர் பார்ட்ஸைத் திரும்பச் செய்துவிடலாம். நிசான் 2017 முதல் பழைய ஸ்கைலைன் ஜி.டி.ஆருக்கு மறுபடி பாகங்கள் செய்து விற்கிறது, டொயோட்டாவும் 2020 முதல் சுப்ராவுக்கும் 2000 ஜி.டி.க்கும் செய்கிறது. அண்ணாச்சியின் காதை எந்தத் தொழிற்சாலையில் செய்வது?

ஆகவே என் யோசனை இது. ஜெர்மனியில் 30 வருடம் ஆகி, நல்ல நிலையில், அசல் வடிவில் இருக்கும் வண்டிக்கு 'எச்' என்ற எழுத்தோடு தனி எண் உண்டு, வரியும் தனி. பிரிட்டனில் 40 வருடம் தாண்டினால் சாலை வரியே இல்லை. நாமும் 15க்கும் 50க்கும் நடுவில் ஒரு படி வைக்கலாம். 25 வருடம் ஆகியிருக்க வேண்டும். அசல் இன்ஜின், அசல் வடிவம். வருடம் ஒருமுறை புகைச் சோதனையும் பிரேக் சோதனையும். வருடத்துக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்று மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். பதிலுக்குக் கட்டணத்தைப் பழைய அளவுக்குக் குறையுங்கள். வண்டியைக் காயலான் கடைச் சரக்காக நடத்தாதீர்கள்.

சலுகை கேட்கிறவர்களுக்குக் கடமையும் உண்டு. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பைப் பிடுங்கிவிட்டு ராத்திரியில் ஊரையே எழுப்புகிற தம்பிகளே, ஆர்.எக்ஸ். 100க்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது நீங்கள்தான். யமஹாக்காரன் கொடுத்த சத்தமே போதும், அதைக் கேட்டுத்தானே அந்த வண்டி மேல் உங்களுக்கு ஆசை வந்தது. விலை ஏறட்டும் என்று வாங்கிக் கொட்டகையில் மூடி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் வண்டிக்குள் ஆயில் சீல் காய்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ஓட்டுகிறவர்களிடம் கொடுங்கள்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ கொட்டகையிலோ அப்பா ஓட்டிய சுசுகியோ யமஹாவோ நின்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஊரில் மிச்சம் இருக்கும் பழைய மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வேலை செய்வதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.