182 கிலோமீட்டர், நடுவில் ஒரு குழாய்கூட இல்லை

இந்த வாரம் ஒரு சின்னக் கணக்கு போடலாம். பள்ளிக்கூடத்தில் படித்த அதே வேகம், நேரம், தூரம் கணக்குதான். விடை தப்பினால் மார்க் போகாது, குடிக்கத் தண்ணீர் இருக்காது.

இடம், ஆஸ்திரேலியாவின் தெற்கு ஓரம். நல்லர்பார் என்ற வறண்ட சமவெளி. ‘மரமே இல்லை’ என்று பொருள் வரும்படி லத்தீனில் வைத்த பெயர். அதன் வழியே போகும் எயர் நெடுஞ்சாலையில், மேற்குப் பக்கம், பாலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 182 கிலோமீட்டர். ஊர்ப் பெயர் போலத் தெரிந்தாலும் இரண்டுமே பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, தங்கச் சில அறைகள் சேர்ந்த ‘ரோடுஹவுஸ்’தான். நடுவில் கடை இல்லை, வீடு இல்லை. பெரும்பாலான தூரத்துக்குச் செல்போன் சிக்னலும் இல்லை. அதில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல் நூல் பிடித்தது போன்ற சாலை. சாலையோரம் குட்டை மரங்களும் புதர்களும் உண்டு. உட்கார்ந்து இளைப்பாறும் நிழலை எதிர்பார்க்க முடியாது.

இதைத் தனியாளாக, சைக்கிளில், ஒரே பகலில் கடக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கு. காற்று வீசாத நாளில், மூட்டை முடிச்சோடு மணிக்கு 20 கிலோமீட்டர் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். மிதமான வெயிலில் மணிக்கு முக்கால் லிட்டர் குடித்தால், 7 லிட்டர் போதும். சுலபம்!

எதிர்க்காற்று அடித்தால்? அங்கேதான் கதை மாறுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் முகத்தில் எதிரே அதே வேகத்தில் காற்றும் வீசினால், காற்றின் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. மாங்கு மாங்கென்று மிதித்தாலும் வேகம் 12க்கு இறங்கிவிடும். அந்த 182 கிலோமீட்டருக்குப் பதினைந்து மணி நேரம். தண்ணீர் 11 லிட்டருக்கு மேல். ஏழு லிட்டரோடு கிளம்பியவருக்கு 112ஆவது கிலோமீட்டரில் கடைசிச் சொட்டு தீர்ந்திருக்கும். முன்னால் இன்னும் 70 கிலோமீட்டர்.

ஆக, பாலைவனத்தில் தண்ணீர்க் கணக்கைத் தீர்மானிப்பது வெயிலைவிடக் காற்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெயில் எப்படி இருக்கும் என்று காலையிலேயே ஓரளவு தெரிந்துவிடும். காற்றோ மதியம் திசை மாறிவிட்டுச் சிரிக்கும்.

புதிதாக இறங்குகிறவர்கள் பாரம் என்று பயந்து தண்ணீரைத்தான் முதலில் குறைப்பார்கள். மலைப்பாதைக்கு அது சரியான யோசனை. சமதரையில் நாலு கிலோ கூடினாலும் கால் அவ்வளவாக உணராது. கூடுதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வேறு எதையாவது விட்டுவிட்டுப் போகலாம். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. வியர்வையில் உப்பும் போகிறதே! ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரலாம். கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கூடவே வேண்டும்.

வழியில் கிடைக்கும் நீரை நம்பக் கூடாதா? கூடாது. இந்தச் சமவெளி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை பொத்தல் வழியே இறங்கிவிடும், ஆறு ஓடாது. அடியில் இருப்பது பெரும்பாலும் உப்பு நீர். லாரிகள் நின்று போகும் சில ஓய்விடங்களில் மழைநீர்த் தொட்டி இருக்கும். அதில் தண்ணீர் இருக்குமா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் எப்போது போவது? கோடையை மறந்துவிடலாம். 2019 டிசம்பர் 19 அன்று இதே சமவெளியின் கிழக்குப் பகுதியில் 49.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. குளிர்காலத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் என்பதால், கிழக்கு நோக்கிப் போனால் முதுகில் தள்ளும். ஆனால் அங்கே ஜூன் மாதத்துப் பகல் சுமார் பத்து மணி நேரம்தான். இருட்டினால் கங்காருகள் சாலைக்கு வரும். நம் நகரப் பேருந்துகள் மூன்றை ஒட்டவைத்தது போன்ற நீளத்தில் லாரிகள் பாய்ந்து வரும். எதிரும் புதிருமாக இரண்டு லாரிகள் வந்தால், வீம்பு பார்க்காமல் சைக்கிளை மண்ணில் இறக்கிவிட வேண்டும்.

அதனால் மதியம் பன்னிரண்டு மணிதான் முக்கியமான நேரம். பாதி தூரம் தாண்டவில்லை என்றால், ‘எப்படியும் போய்விடலாம்’ என்ற ஆசையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் கூடாரம் போட இடம் பார்க்க வேண்டும். இரவுக்கும் மறுநாள் காலைக்கும் சேர்த்துத்தான் பாட்டில்களை நிரப்பியிருக்க வேண்டும்.

தார்ச்சாலை, ஜி.பி.எஸ். எல்லாம் இருந்தே இந்தப் பாடு. 1896 நவம்பரில் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற இளைஞர் கூல்கார்டி என்ற தங்கச் சுரங்க ஊரிலிருந்து சிறு மூட்டை, ஒரு தண்ணீர்ப் பை இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி, தந்திக் கம்பத்தை வழிகாட்டியாக வைத்து, இந்தச் சமவெளியைக் கடந்து 31 நாளில் அடிலெய்டு போய்ச் சேர்ந்தார். இதைச் சைக்கிளில் கடந்த முதல் ஆள் அவர்தான். சாலை முழுவதும் தார் போட்டு முடிந்தது 1976இல்!

தனிப் பயணம் என்றாலும் முழுத் தனிமை இல்லை. எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் யாராவது நிறுத்துவார்கள். அவசரத்துக்கு, பறக்கும் டாக்டர்களின் விமானம் இறங்க நெடுஞ்சாலையிலேயே சில இடங்களில் ஓடுபாதைக் கோடு போட்டிருக்கிறார்கள்.

கைகூனாவுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது. அடியில் குகை. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் பூமி ‘உஸ்’ஸென்று மூச்சு விடும், கூடினால் உள்ளே இழுக்கும். நாள் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டியவர்கள் அங்கே இறங்கிக் கையை நீட்டிப் பார்க்கிறார்கள். பிறகு ரோடுஹவுஸில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, கடிகாரத்தை 45 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். கைகூனா தாண்டினால் அங்கே தனி நேரம். அடுத்த ரோடுஹவுஸான காக்கிள்பிடிக்கு 65 கிலோமீட்டர்தான்.