பழைய நிரலும் புதிய கணினியும்

எமது கல்லூரியன்னைக்கு யூபிலி விழாவெடுக்கும் இவ்வேளையில் அவளுடைய பழம்பெருமைகளை எடுத்தோதுவோர் இம்மலரிற் பலர் இருப்பர். அப்பணியை அவர்களுக்கே விட்டு, சிறியதாகத் தோன்றும் ஒரு காரியத்தைப் பற்றி நாம் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். பழைய மாணவருள் வணிகஞ் செய்வோரும், சங்கங்களிலும் அலுவலகங்களிலும் கணக்கெழுதுவோரும் பலர். பல்லாண்டுகளாகக் கையாண்டுவந்த கணக்கு மென்பொருளைப் புதிய கணினியில் நிறுவ முயலும்போது அவர்களுக்கு நேரும் இடரே அக்காரியம்.

இவ்விடர் இப்பொழுது பலர் வாசலுக்கும் வந்துவிட்டது. விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு மைக்ரோசொப்ற் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆதலின் கணினியையே மாற்றவேண்டியதாகின்றது. கணினி மாறலாம், அதன்மேல் ஏறவேண்டிய கணக்கு நிரலோ முப்பதாண்டு முதிர்ந்தது.

எம்முடன் ஒரே வாங்கிலிருந்து பயின்ற நண்பரொருவர் தந்தையார் விட்டுச்சென்ற இரும்புக்கடையை நடத்திவருகின்றார். 1996 ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் எழுதிக்கொடுத்த சிறு நிரலிலேதான் அக்கடையின் கொள்முதல், விற்பனை, பற்றுவரவு யாவும் அடங்கியிருந்தன. நிரலை எழுதியவர் இன்று எந்நாட்டில் இருக்கின்றார் என்பது தெரியாது. நண்பர் புதிய கணினி வாங்கி, நிரலை அதிற் படியெடுத்து வைத்து அழுத்தினார். இந்நிரல் இக்கணினியில் இயங்காது என்னும் பொருள்பட ஒரு வாசகம் தோன்றியது. எம்மை அழைத்து, “இரும்பு துருப்பிடிக்கும் என்பது தெரியும், கணக்குந் துருப்பிடிக்கும் என்பதை இன்றுதான் அறிந்தேன்” என்றார்.

காரணம் கடினமானதன்று. அக்காலத்து டொஸ் நிரல்கள் பெரும்பாலும் 16 பிற் அமைப்பின. 32 பிற் அமைப்பில் வந்த முந்திய விண்டோஸ் முறைமைகள் அவற்றையுந் தாங்கின. விண்டோஸ் 11 முறைமையோ 64 பிற் அமைப்பில் மாத்திரமே வருவது. அது 32 பிற் நிரல்களை ஏற்கும். 16 பிற் நிரல்களை ஏற்காது. பொருந்துநிலை என்று ஒரு வசதி உண்டே எனச் சிலர் வினவுவர். அது தன்னைப் பழைய விண்டோஸ் எனக் காட்டிக்கொள்ளுமேயன்றி, இல்லாத ஆற்றலைத் தந்துவிடாது. இன்னொரு வேடிக்கையுமுண்டு. சில நிரல்கள் 32 பிற் அமைப்பினவாயிருந்தும், அவற்றை நிறுவும் சிறுநிரல் 16 பிற் ஆக இருக்கும். வீடு உறுதியாய் நிற்க, கதவின் பூட்டு மட்டும் இறுகிப்போன நிலை அது.

நிறுவிவிட்டால் தொல்லை தீர்ந்ததென்று மகிழ்வதும் தவறு. எமக்குத் தெரிந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்திலே பழைய நிரலொன்று புதிய கணினியில் நன்றாகவே ஏறியது. ஆனால் காலையில் ஒருவர் பதிந்த வரவு மாலையில் வந்தவர் கண்ணுக்குப் படவில்லை. ஒருவரையொருவர் ஐயுற்று, மூன்று கிழமை முகங்கொடுத்துப் பேசாதிருந்தனர். உண்மை யாது? பழைய நிரல்கள் தம் கணக்கைத் தாம் இருக்கும் உறையிலேயே எழுதும் வழக்கமுடையவை. விஸ்ற்றா முதலாக வந்த விண்டோஸ் முறைமைகள் நிரல்களுக்குரிய உறையிற் சாதாரண பயனர் எழுதுவதைத் தடுக்கின்றன; பழைய நிரல் முரண்படாதிருக்கும்பொருட்டு, அது எழுதுவதை ஒவ்வொரு பயனருக்கும் உரிய மறைவான வேறோரிடத்தில் வைக்கின்றன. இருவர் இரண்டு பேரேடுகளை எழுதிவந்தனர், இருவரும் நேர்மையானவரே. நிரலை வேறோர் உறையில் நிறுவி, அனைவரும் அதில் எழுத உரிமை வழங்கியிருந்தால் அப்பழிச்சொல் எழுந்திராது.

இவ்வாறான நிலையிற் கூறப்படும் அறிவுரைகள் இரண்டு. ஓடுமட்டும் பழையதே ஓடட்டும் என்பது ஒன்று. பழையதை எறிந்துவிட்டு மாதக் கட்டணத்துக்குப் புதியதை வாங்குக என்பது மற்றையது. இரண்டையும் நாம் ஏற்கோம். நிரல் வேறு, கணக்கு வேறு என்பதை இரு சாராரும் மறந்துவிட்டனர். நிரல் ஆக்கியோனுடையது, கணக்கு நம்முடையது. நிரல் அழியலாம், கணக்கு அழியலாகாது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியதை இக்கல்லூரியில் தமிழ் பயின்றோர் அறிவர். செல்லரித்த ஓலைக்கு எண்ணெய் பூசி இன்னும் சில காலம் வைத்திருப்பதோடு அவர் அமையவில்லை. ஏடுகள் பலவற்றைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, ஓலையிலிருந்ததைத் தாளுக்கு மாற்றினார். நமது கணக்குகளுக்கும் வேண்டுவது அதுவே.

கணினிக்குள் இன்னொரு கணினியை அமைத்து, அதிலே பழைய முறைமையையும் பழைய நிரலையும் ஓட்டுதல் இன்று இயலும். அது நல்ல வழியே; ஆயினும் தங்குமடமேயன்றி வீடன்று. அதனை இணையத்தோடு இணைத்தலும் ஆகாது. விண்டோஸ் எக்ஸ்பி முறைமைக்கான ஆதரவு 2014 ஏப்பிரலிலேயே முடிந்தது. அதன் குறைகளைத் திருத்துவார் இலர். மேலும், பெறுமதிசேர் வரி 2024 சனவரி 1 முதல் நூற்றுக்குப் 18 ஆயிற்று. வரிவீதம் நிரலுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருப்பின், எழுதியவர் வந்தாலன்றி அதை மாற்றல் அரிது. ஆகவே பழைய நிரலிற் பழைய கணக்கைப் பார்க்கலாம். புதிய கணக்கை எழுதுதல் தகாது.

தங்குமடத்தில் இருக்கும்போதே கணக்கை வெளியே எடுத்தல் வேண்டும். டிபேஸ், பொக்ஸ்புரோ முதலியவற்றில் எழுதிய நிரல்களின் கோப்புகளை லிபரேஒபிஸ் போன்ற இலவச மென்பொருளாலேயே இன்றுந் திறக்கலாம். பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருப்பின், அவை ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றும். அஞ்சவேண்டா, யூனிக்கோட்டுக்கு மாற்றிவிடலாம். மாற்றியபின் இரு பக்கத்துப் பரீட்சை மீதியையும் ஒப்புநோக்குக. நண்பருடைய கணக்கிலே முதன்முறை தொகைகள் ஒத்துவரவில்லை. தேடியபோது, தந்தையார் காலத்தில் கடனுக்குப் பொருள் கொண்டுசென்ற ஒருவருடைய பெயர் விடுபட்டிருந்தது. அக்கடன் திரும்பிவரும் என்ற எண்ணம் நண்பருக்கு இல்லை. ஆயினும் அவ்வரியிலே தந்தையாரின் நம்பிக்கை இருந்தது என்று கூறி, அதை மீண்டுஞ் சேர்த்துக்கொண்டார்.

புதிய மென்பொருள் வாங்கும் பழைய மாணவர் விலையைக் கேட்குமுன் ஒன்று கேட்பாராக: எமது கணக்கு முழுவதையும், வேறு நிரல்களும் படிக்கும் வடிவில், நாம் வேண்டும்போது வெளியே எடுக்க இயலுமா? இயலாதெனின் அது பேரேடன்று. திறப்புப் பிறரிடமுள்ள பெட்டகம். நிரலெழுதக் கற்கும் மாணவர், தாம் எழுதுவது தம்மினும் நீண்டகாலம் பயன்படக்கூடும் என்பதை மனங்கொண்டு, கணக்கு வெளியேறும் வாயிலொன்றை முதலிலேயே அமைப்பாராக. கல்லூரியும், மாணவர் பதிவுகளும் பழைய மாணவர் சங்க அங்கத்தவர் பெயர்களும் எக்கணினியில் எவ்வடிவில் உள்ளன என்று இந்த யூபிலி ஆண்டிலேயே ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று.

அடுத்த யூபிலி மலரை ஆக்குவோர் நம்முடைய பெயர்களைத் தேடும்போது, அவை திறவாத கோப்பினுள் இருத்தலாகாது என்பதே எமது வேண்டுகோள்.