பாலையில் நடப்பவள் பயணி இல்லையா?

தார் பாலைவனம் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள் நான். ஜெய்சல்மேர் கோட்டை, சாம் மணல்மேடு, ஒட்டகச் சவாரி, சூரிய அஸ்தமனம். நடுவே தவறாமல் ஒரு படம்: சிவப்பு ஓட்னியால் முகத்தை மூடிய பெண், தலையில் அடுக்கிய குடங்கள், பின்னால் மணல். கீழே ‘உழைப்பின் எழில்’ என்று ஒரு வரி. ஒட்டகத்தின் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தவர் பயணி. வாழ்நாள் முழுக்க அதே மணலில் நடந்தவள் வெறும் காட்சி. இந்தப் பங்கீட்டோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்த எழிலை எடை போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பதினைந்து லிட்டர் குடம் என்றால் கழுத்தின் மேல் பதினைந்து கிலோ, குடத்தின் எடை தனி. ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். பக்கத்து பலோதியில் 2016 மே மாதம் வெயில் 51 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ‘டாணி’ எனப்படும் குடியிருப்புகள் நாலைந்து வீடுகளாக மணலில் சிதறிக் கிடப்பவை. மழைநீரைச் சேர்க்கும் ‘டாங்கா’ என்ற நிலத்தடித் தொட்டி வற்றிவிட்டால் நடக்க வேண்டியதுதான்.

பார்மேர் பக்கத்து டாணி ஒன்றில் மூன்று நாள் தங்கியிருந்தேன். அந்த வீட்டு அம்மாவுக்கு விடியுமுன் இரண்டு நடை, வெயில் தாழ்ந்த பின் ஒரு நடை. எந்தக் கிணற்று நீர் குடிக்க, எது ஆடுமாட்டுக்கு, எது எந்த மாதத்தில் உப்புக்கரிக்கத் தொடங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். டாங்காவைச் சுற்றியுள்ள நீர்ப்பிடிப்பு முற்றத்தை மழைக்கு முன் கூட்டிச் சுத்தம் செய்வதும் அவரே. இதே விஷயங்களை அளவெடுத்து அறிக்கையாக எழுதுகிறவருக்கு நிபுணர் என்று பெயர். இவருக்கு?

இவருக்கு அரசு கொடுக்கும் பெயர் ‘வேலை செய்யாதவர்’. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவர் அந்தப் பட்டியலில்தான் வருவார். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் 93 என்றொரு எண் உண்டு. வீட்டு வேலையோடு விறகு, தீவனம் போன்றவற்றைச் சேகரித்து வருபவர்களுக்கானது. அந்த எண் விழுந்தவர் உழைப்புச் சந்தைக்கு வெளியே. 2011 கணக்கெடுப்பில் கிராமத்து வீட்டுக்குக் குடிநீர் 500 மீட்டருக்கு அப்பால் இருந்தால் ‘தொலைவில்’ என்று குறித்தார்கள். அறுநூறு மீட்டர் நடப்பவளும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவளும் ஒரே கட்டத்துக்குள். எத்தனை நடை, எத்தனை கிலோ, யார் தலையில் என்று அந்தக் கட்டம் கேட்பதில்லை.

நேரத்தைக் கேட்டபோது என்ன தெரிந்தது? 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். இது நாட்டின் சராசரி. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் வீடுகளும் இதற்குள் அடக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தலையில் சுமக்கும்வரை தண்ணீர் பெண்ணின் வேலை. அதே தண்ணீர் டிராக்டரில் ஏறி, டேங்கருக்கு இவ்வளவு என்று விலை வந்ததும் அது ஆணின் தொழிலாகிவிடுகிறது. ஆகவே ‘பெண்ணுக்குப் பழகிய வேலை’ என்ற பேச்செல்லாம் கூலி இல்லாதவரைதான். பெண்களிலும் எல்லோர் நடையும் ஒன்றல்ல. பொதுக் கிணறு என்று பெயர் இருக்கும். யார் முதலில் இறைப்பது, யார் தள்ளி நிற்பது என்பதைச் சாதி முடிவு செய்யும். எழிலான அந்தப் படத்தில் இந்த வரிசை தெரியாது.

நம் தோழிகளே சிலர் சொல்வதுண்டு: ‘கிணற்றடிதான் அவர்கள் மனம்விட்டுப் பேசும் ஒரே இடம். குழாய் வந்தால் அதுவும் போய்விடும்.’ பெண்கள் கூடிப் பேச இடம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. தலையில் பதினைந்து கிலோ இல்லாமல் பேச ஓர் இடம் கொடுங்கள் என்கிறேன். ஆண்கள் டீக்கடையில் பேசக் குடம் சுமந்தா போகிறார்கள்?

தமிழ் படித்த நமக்கு இந்தக் கண்ணோட்டம் புதிதல்ல. நம் இலக்கியத்தில் பாலைக்கு உரியது பிரிவு. பொருள் தேடி அவன் சுரம் கடப்பான். அவள் வீட்டில் இருந்து வருந்துவாள். உடன்போக்கில் அவளும் நடக்கிறாள், உண்மைதான். அதுவும் அவன் துணையோடு. தனக்கென்று ஒரு வேலையாக, தினமும் மூன்று முறை பாலையைக் கடக்கும் பெண்ணுக்கு அந்தத் திணையில் இடமில்லை. இன்று தாரிலிருந்து ஆண்கள் பிழைப்புக்காக வெளியூர் போகிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அவர்கள் போன பின் வீட்டிலிருப்பவள் வருந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ஆடு மேய்க்கிறாள், வன்னி மரத்தின் காயைப் பறித்து உலர்த்திச் சேமிக்கிறாள், தண்ணீர் சுமக்கிறாள். நூறு நாள் வேலையில் கூலிக்கு மண்ணும் வெட்டுகிறாள். டாங்கா இருக்கும் நிலத்தின் பட்டாவில் பெரும்பாலும் அவள் பெயர் இருக்காது.

2019இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டம் வீட்டுக்கு வீடு குழாய் என்றது. ஊர்த் தண்ணீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்றும் அதன் வழிகாட்டுதல் சொல்கிறது. நல்லது. குழாய் வந்த வீட்டில் தண்ணீர் வருகிறதா, குழுவில் கையெழுத்துப் போடும் பெண்ணிடம் கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

கள ஆய்வுக்குப் போகும் மாணவிகளுக்குச் சொல்கிறேன். கேமராவை எடுக்கும் முன் நோட்டை எடுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு தூரம், எத்தனை நடை, குடம் எத்தனை லிட்டர், எந்த வயதில் சுமக்கத் தொடங்கினார், அதற்காகப் பள்ளியை விட்டாரா, தொட்டி யார் பெயரில் என்று எழுதுங்கள். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று நிரப்பாதீர்கள். தண்ணீர் சுமப்பவர் என்று எழுதுங்கள்.