சைன் தீட்டா கிடக்கட்டும், பெடலைப் பாருங்கள்



பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம் நேற்று, "திருப்பு விசைன்னா என்னம்மா?" என்று கேட்டேன். "ஆர் எஃப் சைன் தீட்டா, தாத்தா" என்று ஒரே மூச்சில் சொன்னாள். "அந்த சைன் எதுக்கு?" விழித்தாள். "நீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம் தாத்தா."

வேண்டும். சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலைக்குக் காவிரிப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவர்கள் நினைத்துப் பாருங்கள். பெடல் நேர் உச்சியில் இருக்கும்போது முழு எடையையும் போட்டு அழுத்தினாலும் வண்டி கிளம்பாது. முன்பக்கம் கிடைமட்டமாக வந்தால் சட்டென்று கிளம்பும். அதே கால், அதே எடை. மாறியது என்ன? அச்சிலிருந்து விசை செல்லும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவு.

கிராங்க் 17 செ.மீ., மிதி 200 நியூட்டன் என்று வையுங்கள். கிடைமட்டத்தில் 0.17 × 200 = 34 நியூட்டன் மீட்டர். உச்சியிலிருந்து 30 டிகிரி இறங்கினால் அந்தத் தொலைவு கிராங்கில் பாதி; எனவே 17. உச்சியில் பூஜ்யம். அந்தத் தொலைவைக் கண்டுபிடிக்கத்தான் சைன். இது புரியாத பிள்ளைக்குக் கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து கொடுத்துப் பாருங்கள், அப்போதும் சைன்தான் போடும்.

பயிற்சி மையங்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நானும் பல வருடம் சூத்திரத்தைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதினேன். அது தவறு. என்னிடம் படித்து இன்று ஆசிரியராக இருப்பவர்கள் அதைத் தொடராதீர்கள். வகுப்புக்குள் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். சூத்திரத்தை மணி அடிக்கும் முன் எழுதினால் போதும்.